பின்சக்கரத்துக் கல்

காரின் அடியில் நுழைவதற்கு முன் அண்ணன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டான்.

"கண்ணாடில கீறல் விழுந்தா ஒரு வாரம் பேச்சு கேக்கணும்" என்றான், வீட்டுக்குள் கேட்கும்படியே.

"ஒரு வாரமா? உன்கிட்ட ஒரு வாரம் பேச எனக்கென்ன வேண்டுதலா?" என்று சமையலறை ஜன்னலிலிருந்து அண்ணி ஹியாமின் குரல் வந்தது.

அவன் ஆப்பிள் பெட்டியின் அட்டையைப் பிரித்துத் தரையில் விரித்தான். மல்லாந்து படுத்து, குதிகாலால் உந்தி உந்தி உள்ளே போனான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. தோட்டத்துக்குப் போட்டுப் போகிற ரப்பர் பூட்சைக்கூடக் கழற்றவில்லை. அக்டோபர் கடைசி. மலையில் ஆப்பிள் பறிப்பு முடிந்து, முதல் மழை இன்னும் வராத நாட்கள். வெயில் ஊசி மாதிரி குத்தும், நிழலுக்குப் போனால் குளிரும்.

நக்லே என்னைவிட மூன்று வயது மூத்தவன். எங்கள் இருவருக்கும் மூத்தவள் வதாத் அக்கா. அவள் தெருவின் மேல்கோடியில், மாதா கோயிலை ஒட்டி இருந்தாள். நான் அண்ணன் வீட்டுக்கு எதிர்வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பது வருஷம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அரபியும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தேன். ஊரில் எல்லாரும் என்னை உஸ்தாத், அதாவது வாத்தியார், என்பார்கள். அண்ணன் மட்டும் கோபம் வந்தால்தான் அப்படிக் கூப்பிடுவான்.

கார் இத்தாலிக்காரன் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, ஸ்டியரிங் இடப்பக்கம், மேலே கேன்வாஸ் கூரை. உள்நாட்டுச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் வாங்கியது. சண்டை முடிந்து ஊர் பாதி காலியான பிறகும் அது இருந்தது. சிவப்பு வெளுத்து செங்கல் நிறமாகிவிட்டது. பறிப்புக் காலத்தில் பக்கத்து இருக்கையில் ஆப்பிள் பெட்டிகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவான்.

"ரெண்டு பேர் உக்கார்ற வண்டி. அதுலயும் ஆப்பிளுக்குப் போகத்தான் பொண்டாட்டிக்கு எடம்" என்பாள் ஹியாம்.

"ஆப்பிள் வாய் பேசாது" என்பான் அவன்.

அவர்கள் வீட்டில் பேச்சு எப்போதும் இப்படித்தான். குழந்தைகள் இல்லை. இருபத்தாறு வருஷமும் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டே சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், தோட்டத்தில் ஒன்றாக மருந்தடித்தார்கள். கேட்டுப் பழகியவர்களுக்கு அது ஒன்றுமில்லை. கேட்டுப் பழகாதவர்கள் போல எங்கள் தெருவே ஒரு நாள் நடந்துகொள்ளும் என்று நான் நினைக்கவில்லை.

வருஷாந்தரச் சோதனைக்குக் காரைக் கீழே நகரத்துக்குக் கொண்டுபோனபோது எல்லாம் தேறி, பின்னால் போகும்போது எரிகிற வெள்ளை விளக்கு இரண்டும் எரியவில்லை என்று தாளில் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் தவணை. அந்த மாதம் முழுக்கத் தோட்டத்திலிருந்து வந்ததும் அதே வேலை. பல்பு இரண்டையும் மாற்றினான். பல்பு உட்காருகிற கிண்ணத்தில் பச்சைப் பாசி மாதிரி ஏறியிருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தான். ஃப்யூஸ் மாற்றினான். எர்த் வயரைப் புதிதாக இழுத்து, பெயின்ட்டைச் சுரண்டி, பாடியில் முடுக்கினான். எதற்கும் அசையவில்லை. கடைசியில் மிஞ்சியது கியர் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிற சின்ன ஸ்விட்ச். கியர் ரிவர்ஸில் விழுந்தால் உள்ளே ஒரு கம்பி அந்த ஸ்விட்சின் மூக்கை அழுத்தும், விளக்கு எரியும். அதை எட்டிப் பிடிக்கக் காரின் அடியில்தான் போக வேண்டும்.

வண்டியின் கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. பக்கங்கள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருக்கும். வாசித்துச் சொல்வது என் வேலை. ஒவ்வொரு வேலைக்கும் மேலே முதல் வரி ஒன்றுதான்: வண்டியைச் சமதளத்தில் நிறுத்து, ஹேண்ட் பிரேக்கை இழு, சக்கரத்துக்கு அடை கொடு. அதை நான் ஒருநாளும் வாசித்ததில்லை. வாசித்தால் சிரிப்பான்.

எங்கள் தெரு கோயிலிலிருந்து ஊற்று வரைக்கும் ஒரே சரிவு. ஆப்பிள் கை தவறினால் ஊற்றில் போய்த்தான் பொறுக்க வேண்டும். சமதளம் என்றால் கோயில் முற்றம் மட்டும். அங்கே எண்ணெய் சிந்தியதற்காகக் கோயில்பிள்ளையோடு சண்டை போட்டு அண்ணன் அந்தப் பக்கம் போவதையே விட்டிருந்தான். ஹேண்ட் பிரேக்கை இந்தத் தெருவில் யாரும் தொடுவதில்லை. பனிக்காலத்தில் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கி உறைந்துபோகும். இழுத்தால் இழுத்ததுதான், பனி உருகும்வரை விடாது. அதனால் வண்டியை நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு இறங்குவோம். கிளட்சை மிதித்ததும் கியரின் பிடி விட்டுவிடும், பிறகு பிடிப்பது கல்தான். கார் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு முதல் பாடமே அது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு கல் கிடக்கும். நக்லேயின் கல் கறுப்பு, ஒரு பக்கம் தட்டை.

அன்று கார் மேட்டைப் பார்த்து நின்றது. முதல் கியரில். வலது பின்சக்கரத்துக்குக் கீழே கல். இடது முன்பக்கம் ஜாக்கியில் தூக்கியிருந்தது.

"சாவி போட்டிருக்கா?" என்றான் அடியிலிருந்து.

"போட்டிருக்கு."

"ரெண்டு வயரையும் ஒண்ணா சேக்குறேன். பின்னாடி போய்ப் பாரு. எரியுதா?"

நான் பின்னால் போய்க் குனிந்தேன். வெயில் நேராக விளக்கின் கண்ணாடியில் விழுந்து மின்னியது. எரிகிறதா, வெயிலா என்று தெரியவில்லை.

"எரியுதா?"

"தெரியல. எரியுற மாதிரி இருக்கு."

"மாதிரியா? எரியுது, எரியல. ரெண்டுல ஒண்ணு சொல்றதுக்கு என்ன படிப்பு வேணும் உஸ்தாத்?"

கையைக் குவித்து மறைத்துப் பார்த்தேன். உள்ளே மஞ்சளாக இழை தெரிந்தது. "எரியுது" என்றேன்.

"அப்ப வயர்ல குத்தமில்ல. ஸ்விட்சுதான்." ஸ்பேனர் உரசும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து அடியிலிருந்தே சிரித்தான். "திருட்டுப் பய எவனோ தடிமனா வாஷர் போட்டு வச்சிருக்கான். மூக்கு எட்டவே இல்ல. வேற யாரு, நான்தான் போட்டிருப்பேன். மெலிசு ஒண்ணு எங்கிட்ட இருக்கு."

ஸ்விட்சை மறுபடி முடுக்கி, வயரை மாட்டினான்.

"ஏய் ஹியாம்! வந்து ரிவர்ஸ் போடு!"

"அடுப்புல முஜத்தரா இருக்கு. பருப்பு அடிப்பிடிச்சா நீ திம்பியா?"

"ஒரு நிமிஷம்!"

"உன் ஒரு நிமிஷத்தை நான் இருபத்தாறு வருஷமா பாக்குறேன். உன் தம்பியப் போடச் சொல்லு."

"அவன் வெளக்கப் பாக்கணும். கண்ணு ரெண்டு பின்னாடி, கை ஒண்ணு முன்னாடி வேணும். வாடி!"

கரண்டியோடு வந்தாள். அந்த இருக்கை தரையோடு தரையாக இருக்கும். பாவாடை கட்டியவர்கள் சின்ன வேலைக்கு முழுசாக உள்ளே இறங்க மாட்டார்கள். அவளும் ஒரு காலை ரோட்டில் ஊன்றிக்கொண்டு, பக்கவாட்டில் உட்கார்ந்து, மற்றக் காலைக் கிளட்சின் மேல் வைத்தாள்.

நான் இந்த முறை அவனிடம் பேச்சு வாங்கக் கூடாது என்று மண்டியிட்டேன். முட்டி வைக்கிற இடத்தில் கல் இருந்தது. காலால் தள்ளினேன்.

"போட்டாச்சா?"

"போடுறேன், இரு."

கார் பின்னால் வந்தது. ஒரு முழம்கூட இல்லை. என் நெற்றியில் பம்பர் இடித்தது. முன்னால் ஜாக்கி சாய்கிற சத்தம் கேட்டது. அது பெரிய சத்தம் இல்லை.

எட்டுப் பேர் சேர்ந்து வண்டியைக் கையாலேயே தூக்கினார்கள். அவ்வளவு லேசான வண்டி. கீழே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஹியாமின் கையில் கரண்டி அப்படியே இருந்தது. யாரோ வாங்கி வைத்தார்கள். நான் கடிகாரத்தை அவளிடம் கொடுத்தேன். அவள் அதைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டாள்.

மாலையில் ஊர்க் காவல் நிலையத்திலிருந்து சார்ஜென்ட் ஷலீத்தா வந்து எழுதிக்கொண்டார். என் நெற்றியில் கட்டுப் போட்டிருந்தது.

"சக்கரத்துக்குக் கல் இருந்துச்சா உஸ்தாத்?"

"எப்பவும் இருக்கும்" என்றேன்.

அது பொய் இல்லை. அதனால்தான் வாயில் அவ்வளவு சுலபமாக வந்தது.

மூன்றாம் நாள் துக்கத்துக்கு ஊரே வந்திருந்தது. சர்க்கரை இல்லாத காப்பி சுற்றிச் சுற்றி வந்தது. பெண்கள் உட்கார்ந்திருந்த அறையின் கதவு திறந்திருந்தது. வதாத் அக்கா எழுந்து நின்றாள்.

"என் தம்பி அடியில கெடக்கான்னு தெரியும்ல உனக்கு? தெரிஞ்சுதானே கியரை எடுத்த?"

ஹியாம் நிமிரவில்லை. "அவர்தான் போடச் சொன்னாரு."

"அவன் சொன்ன எதை என்னைக்கு நீ கேட்டிருக்க? சோறு போடுன்னா கேட்டியா? வாய மூடுன்னா கேட்டியா? அன்னைக்கு மட்டும் கேட்டுட்டியா?"

"மதினி, எல்லார் முன்னாடியும் வேண்டாம்."

"எல்லார் முன்னாடியும்தான் சொல்லணும். ஒரு கால் ரோட்டுல, கையில கரண்டி. பிரேக்க மிதிக்க ஒரு கால் இருந்துச்சா உனக்கு? ஹேண்ட் பிரேக்க இழுக்க ஒரு கை இருந்துச்சா? அன்னைக்குக் காலைல நீ கத்துனது ஊத்து வரைக்கும் கேட்டுச்சு. உன் வண்டியோட நீயும் ஒழின்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்."

"கேட்டுக்கங்க! சொன்னாளாம்!"

"தெனமும் சொல்வேன் மதினி. செவ்வாக்கிழமையும் சொன்னேன், புதன்கிழமையும் சொன்னேன். அவரும் சொல்வாரு."

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் அந்தச் சண்டைகளை இருபத்தாறு வருஷமாகக் கேட்டுச் சிரித்தவர்கள்தான். காப்பிக் கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். நான் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போய் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. போகவில்லை.

வதாத் அக்கா அதோடு விடவில்லை. நிலையத்துக்குப் போய் ஹியாமின் மேல் புகார் எழுதிக் கொடுத்தாள். ஊர் இரண்டு பக்கமாகக்கூடப் பிரியவில்லை, ஒரே பக்கமாகப் போய்விட்டது. ஊர்ப் பொது ரொட்டிச் சூளையில் ஹியாமின் மாவை வரிசையில் கடைசிக்குத் தள்ளினார்கள். தோட்டத்தில் மிச்சமிருந்த பெட்டிகளை ஏற்ற ஆள் வரவில்லை. நான் போய் ஏற்றினேன். தினமும் காலையில் அவள் வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்தேன். யாரும் வராத வீட்டில் நான் ஒருவனாவது போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவள் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்பாள்.

"அனீஸ், நான் கிளட்ச மிதிச்சப்ப கொஞ்சம் வேகமா மிதிச்சிட்டேனா?"

"இல்ல அண்ணி."

"கோவத்துல மிதிச்சேனா?"

"இல்ல."

"கோவம் இருந்துச்சுதான். பருப்பு அடிப்பிடிச்சிடும்னு. ஆனா கால்ல இருந்துச்சான்னு தெரியல."

"அப்படியெல்லாம் யோசிக்காதீங்க அண்ணி" என்பேன். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வருவேன்.

இருபத்துமூன்றாம் நாள் சார்ஜென்ட் ஷலீத்தா இரண்டு பேருடன் வந்தார். நடந்ததை அதே இடத்தில் நடத்திப் பார்க்க வேண்டும் என்றார். முதல் மழை பெய்து முடிந்திருந்தது. பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறித் தெருவை நிறைத்திருந்தது. தெருக்காரர்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். காரை அதே மாதிரி மேட்டைப் பார்த்து நிறுத்தி, முதல் கியரில் போட்டு, இடது முன்பக்கம் ஜாக்கி வைத்தார்கள். அண்ணன் கிடந்த இடத்தில் ஷலீத்தா ஒரு காலி ஆப்பிள் பெட்டியை வைத்தார். பின்சக்கரத்துக்குக் கல். "எப்பவும் இருக்கும்" என்று நான் சொன்னதை அவர் தாளிலிருந்து வாசித்துவிட்டு, தம் கையாலேயே கல்லை வைத்தார். ஊற்றுப் பக்கச் சாக்கடையில் கிடந்ததை ஒருவன் தேடி எடுத்து வந்திருந்தான்.

"நீங்க உக்காருங்கம்மா" என்றார் ஹியாமிடம்.

"அந்த சீட்டுல நான் உக்கார மாட்டேன். வேணும்னா என் பொணத்தை உக்கார வைங்க."

"நடிப்பப் பாரு" என்றாள் வதாத் அக்கா. "தள்ளு. நானே காட்டுறேன். புத்தி உள்ளவ எப்படிச் செய்வான்னு இந்த ஊரும் பாக்கட்டும்."

"வாங்க, நீங்களே வாங்க" என்றார் ஷலீத்தா, அலுப்போடு. "உஸ்தாத், நீங்க நின்ன எடத்துலயே நில்லுங்க."

நான் பின்னால் நின்றேன். அக்காவுக்கு முட்டி வலி. குனிந்து, கதவைப் பிடித்து, இடது காலை ரோட்டிலேயே வைத்துக்கொள்ளப் பார்த்தாள். கிளட்ச் அந்தப் பக்கம் என்பதால் ஒரு நிமிஷம் தடுமாறினாள். கடைசியில் வலது காலைச் சுருட்டி மடக்கிக் கிளட்சின் மேல் வைத்து, பக்கவாட்டில் உட்கார்ந்தாள். ஹியாம் உட்கார்ந்த மாதிரியே. அந்த இருக்கையில் வேறு மாதிரி உட்கார முடியாது.

"சாவியப் போடுங்க. ம். ரிவர்ஸ்."

அக்கா கிளட்சை மிதித்தாள். முதல் கியரிலிருந்து எடுத்து நேராக ரிவர்ஸுக்குத் தள்ளினாள்.

கார் ஒரு விரல் அளவு பின்னால் வந்து, கல்லில் முட்டி, நின்றது. ஜாக்கி அசையவில்லை. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூடுபனிக்குள் விளக்கு இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. பேட்டரியில் இன்னும் உயிர் இருந்தது. வெள்ளையாக, சுத்தமாக, எந்தச் சந்தேகமும் இல்லாமல் எரிந்தன. வாஷர்தான். அவன் சரியாகவே கண்டுபிடித்திருந்தான். யாரும் என்னிடம் எரியுதா என்று கேட்கவில்லை.

முன்னாலிருந்து ஹியாமின் குரல், மெதுவாக.

"ஹேண்ட் பிரேக் எங்க மதினி?"

அக்கா கீழே பார்த்தாள். கையை அதில் வைத்தாள். வைத்த கையை எடுத்தாள்.

"எங்கன்னு கேட்டேன்."

"பழக்கத்துல…" என்றாள் அக்கா. தெருவைப் பார்த்தாள். சுவரோரம் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அதை இழுத்திருக்க மாட்டார்.

ஷலீத்தா மட்டும் மலைக்குக் கீழேயிருந்து வந்தவர். அவர் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து கையால் தொட்டும் பார்த்தார்.

"கல்லு இருந்தா வண்டி நிக்குதே" என்றார். "அப்ப அன்னைக்கு ஏன் நிக்கல? கல்லு தானா நகருமா?" என் பக்கம் திரும்பினார். "உஸ்தாத், பின்னாடி நின்னது நீங்கதானே?"

"நான்தான் தள்ளினேன்" என்றேன்.

"என்னது?"

"முட்டி போட எடம் இல்லன்னு காலால தள்ளினேன். வெளக்கு சரியாத் தெரியல. நக்லே திட்டினான். அதனால மண்டி போட்டேன்."

நான் சொல்லி முடித்ததும் கத்துவாள் என்று நினைத்தேன். ஹியாம் கத்தவில்லை. காரைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். விளக்கின் வெளிச்சம் அவள் கறுப்புப் பாவாடையில் விழுந்தது.

"இருபத்திமூணு நாள் என் வீட்டுக் காப்பியக் குடிச்ச."

"அண்ணி…"

"நான் கேட்டப்பல்லாம் இல்ல இல்லன்னு சொன்ன. அத நான் ஆறுதல்னு நெனச்சேன்." மூச்சு வாங்கினாள். "நான்தான் கொன்னேன்னு நானே நம்பிட்டேன் அனீஸ். ராத்திரி என் காலையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வதாத் அக்கா காரிலிருந்து சிரமப்பட்டு எழுந்தாள். என்னையும் பார்க்கவில்லை, ஹியாமையும் பார்க்கவில்லை. "சார்ஜென்ட், புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றாள். "விதி. யாரும் யாரையும் ஒண்ணும் செய்யல."

ஹியாம் திரும்பினாள். "ஏன்? இப்பத்தானே எழுதணும்? நான்னா கொலை, உன் தம்பின்னா விதியா?"

"ரெண்டு தம்பியையும் ஒரே மாசத்துல நான் பறிகொடுக்க முடியாது."

"என்னய ஒருத்தியப் பறிகொடுத்தாப் பரவாயில்லன்னு நெனச்சியா?" அக்கா மேட்டில் ஏறத் தொடங்கினாள். ஹியாம் ஷலீத்தாவிடம் போனாள். "நீங்க எழுதுங்க. கல்லுன்னு எழுதுங்க. அவர் சொன்னத எல்லாரும் கேட்டாங்க."

"புகாரே இல்லன்னா நான் எதுலம்மா எழுதறது? கோப்பு மூடியாச்சு. வீட்டுக்குப் போங்க. உங்க மேல எதுவும் இல்ல."

"எம்மேல இருக்கு. அந்த மொதத் தாளுல என் பேர்தான் இருக்கு."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

அன்று சாயந்திரத்திலிருந்து ஹியாமின் வாசல் எனக்குத் திறக்கவில்லை. ரொட்டிச் சூளையில் அவள் மாவை முதலில் வாங்க ஆரம்பித்தார்கள். அவள் அங்கே போவதை நிறுத்திவிட்டு வீட்டிலேயே சுட்டாள். துக்கத்தில் எழுந்து போன பெண்கள் கோதுமை வேகவைத்து, மாதுளை தூவி, தட்டு தட்டாகக் கொண்டுபோனார்கள். தட்டுகள் வாசற்படியில் அப்படியே இருந்து எறும்பு மொய்த்ததை நான் என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். நாற்பதாம் நாள் பூசையில் அவள் முன் வரிசையில் தனியாக உட்கார்ந்தாள். அக்கா இடப்பக்கம், நான் கடைசி வரிசை. பூசை முடிந்ததும் கோயில் வாசலில் என்னைத் தாண்டிப் போகும்போது, முகத்தைத் திருப்பாமல், எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"எழுதப் படிக்கத் தெரிஞ்ச மனுஷன்தானே. போய் எழுதிக் குடுக்கட்டும்."

போனேன். நடந்ததை என் கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். ஷலீத்தா வாசித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். மூடிய கோப்பில் சேர்க்க வழியில்லை என்று திருப்பிக் கொடுத்தார். பிப்ரவரியில் பனி உருகியதும் மறுபடி போனேன். வழி கேட்டு நகரத்துக்கு எழுதுகிறேன் என்றார். கோடையில் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. புதிதாக வந்தவர் சின்ன வயசு. என் பள்ளிக்கூடத்தில் படித்தவர் இல்லை. அவருக்கு என்மேல் மரியாதையும் இல்லை, எரிச்சலும் இல்லை. அலமாரியில் தேடி, தூசி தட்டி, அந்தக் கோப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நீங்களே பாருங்க. இதுல மாத்த என்ன இருக்கு? விபத்துன்னுதானே போட்டிருக்கு?"

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தேன். தேதி, இடம், வண்டியின் எண், இறந்தவரின் பெயர், தகப்பன் பெயர். கீழே ஒன்றரை வரி. மனைவி ஹியாம் கியரை மாற்றியபோது வண்டி பின்னால் நகர்ந்து, அடியிலிருந்தவர் இறந்தார்.

பிறகு வருஷா வருஷம் போகிறேன். எடுத்துக் காட்டுகிறார்கள். வரி அதேதான்.